அம்மாட பருத்திச் செடியும் என்ட வெண்டித் தோட்டத்து வெள்ளை ஈயும்

எங்கட வீட்டுக் கிணத்தடியில ஒரு பருத்தி நிக்கிது. அம்மா வெச்சது. சாமி விளக்குக்குத் திரி போடக் கடைப்பஞ்சு வாங்கிறது அவவுக்குப் புடிக்காது, கார்த்திகை விளக்கீடு வரப்போகுது எண்டா ஒரு கிழமைக்கு முந்தியே திண்ணையில குந்திக்கிட்டு தொடையில வெச்சு உருட்டி உருட்டித் திரி செய்வா. அந்தப் பருத்திக்குக் கிட்ட மட்டும் மருந்து டாங்கியோட போக ஏலாது. "சாமிக்குப் போற சாமான் மனே, கண்ட நஞ்சையும் அதில அடிச்சிப்போடாத" எண்டு ஒரே சத்தம். நானும் கிழவிக்கு விளங்காது எண்டு மனசுக்குள்ள சிரிச்சிப்போட்டு விட்டிருவன். இப்ப வெள்ளை ஈ எண்ட, இலையில சாறு குடிக்கிற சின்னப் பூச்சியப் பத்தி எனக்குத் தெரிஞ்சதில பாதி அந்தச் செடியில இரிந்து தான் வந்த.

நான் மட்டக்களப்பில களுதாவளைப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவால. தெரிஞ்ச ஆக்களுக்குச் சொல்லத் தேவல்ல, மணல் தரை, கொஞ்சம் தோண்டினாலே தண்ணி, வெத்திலை, கத்தரி, கொச்சிக்காய், வெண்டி, வெங்காயம் எண்டு வருசம் முழுக்க ஏதாவது ஒண்டு தரையில நிக்கும். வாவிக்கு மேற்கால படுவாங்கரையில கொஞ்சம் நெல்லு வெள்ளாமையும் இரிக்கு, அது வீட்டுச் சோத்துக்கு. கையில காசு பொழங்குறது இந்த முக்கால் ஏக்கர் மரக்கறியால தான்.

2019 சிறுபோகம். மேற்கால இரிந்து வாற கச்சான் காத்து தொடங்கி மழை எண்டு பேருக்கும் இல்லாத நேரம். வெண்டி அரைக்கால் ஏக்கர் போட்டிருந்தன், ஒரு மாசப் பயிர், ஊரியா தாராளமாப் போட்டு இலை எல்லாம் கரும்பச்சையா, பாத்தா ஆசையா இரிக்கும். ஒரு நாள் காலையில தண்ணி விடப் போனா செடியில கை பட்ட இடமெல்லாம் சாம்பல் ஊதினாப்போல வெள்ளையாப் பறக்குது. கடைக்குப் போய்ச் சொன்னன், ஒரு போத்தல் தந்தாங்க. அடிச்சன். அடுத்த நாள் ஒரு ஈ இல்ல, எனக்கு உச்சி குளிர்ந்திட்டு. பத்து நாளையில திரும்ப வந்த. வேற போத்தல். அதுக்குப் பிறகு ஒரு கிழமையில வந்த. மறுகா நாலு நாள், மூணு நாள். கடைசியில ரெண்டு மருந்தும் ஒரு சம்போ பக்கெட்டும் இலைப் பசளையும் ஒரே டாங்கில கலந்து அடிச்ச ஆள் நான், பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் அப்படித்தான், நாங்க ரெண்டு பேரும் என்ன கலக்கினது எண்டு மாறி மாறிக் கேட்டுக்குவம், சமையல் குறிப்புக் கேக்கிற மாதிரி.

அந்தப் போகத்தில பதினொரு தரம் அடிச்சிரிக்கன். கொப்பியில பில் எல்லாம் ஒட்டி வெச்சிரிக்கன், அதால எண்ணிக்கை தெரியும். இலையில தேன் மாதிரி பிசுபிசுப்பு, அதுக்கு மேல கறுப்புப் பூஞ்சணம், காய் எல்லாம் கரி பூசினாப்போல, ஏவாரி எடுக்கவே இல்ல. அதோட நரம்பெல்லாம் மஞ்சளாகி இலையே மஞ்சளாப்போய், காயும் வெளிறி, அது தான் மஞ்சள் நரம்பு நோய், அதக் கொண்டு வந்து குத்துறதும் இந்த ஈ தான். அறுவடைய இடையில விட்டுப்போட்டு புடுங்கி எறிஞ்சன். மருந்துக்கடைக் கடன் அடுத்த பெரும்போக நெல்லு வித்துத் தான் தீந்த.

இதில சொல்ல வெக்கமான கதை ஒண்டும் இரிக்கு. வெண்டி எண்டா ஒண்டுவிட்டு ஒரு நாள் ஆய வேணும், விட்டா முத்திப்போகும். மருந்துப் போத்தல்ல ஏழு நாள், பதினாலு நாள் கழிச்சுத்தான் ஆய வேணும் எண்டு எழுதியிரிக்கும். ரெண்டையும் எப்படிப் பொருத்துற? பொருத்த ஏலாது. நாங்க ஆய்ஞ்சு அனுப்பிக்கிட்டுத்தான் இரிந்த. வீட்டுக்கு எண்டு கிணத்தடியில நாலு செடி தனியா நிண்டிச்சு, அதுக்கு மருந்து இல்ல. இந்த ஊர்ல கன பேர் வீட்டில இப்படித் தனிப்பாத்தி இரிக்கும், கேட்டா சிரிப்பாங்க.

அந்த வீட்டு வெண்டி நாலும் அம்மாட பருத்திக்குப் பக்கத்தில தான் நிண்டது. தோட்டம் முழுக்க வெள்ளையாப் பறக்கக்குள்ள அந்த நாலு செடியிலயும் பருத்தியிலயும் ஈ இரிந்த, இல்லாமல் இல்ல, ஆனா உலுப்பினா அஞ்சு பறக்கும், பத்துப் பறக்கும், அவ்வளவு தான். இலை ஒட்டவும் இல்ல, கறுக்கவும் இல்ல. நான் அப்ப என்ன நினைச்சன் எண்டா, கிணத்தடித் தண்ணிச் சத்து, அம்மாட கைராசி, அப்படி. மருந்து அடிக்காத இடத்தில ஏன் ஈ குறைய எண்ட கேள்வி எனக்கு வரவே இல்ல. வெண்டியும் பருத்தியும் ஒரே குடும்பம் எண்டு கூடத் தெரியா, பூவப் பாத்தாலே தெரியும், ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இரிக்கும். வெள்ளை ஈக்கு ரெண்டும் ஒண்டு தான்.

மறுகா வந்தது 2021. மே மாசம் இரசாயனப் பசளை, நாசினி இறக்குமதி எல்லாத்துக்கும் தடை எண்டு அரசாங்கம் அறிவிச்ச, நவம்பர்ல திரும்ப எடுத்த. இடையில பட்ட பாட்ட வெள்ளாமை செஞ்ச எல்லாருக்கும் தெரியும், அந்தப் பெரும்போகம் மஞ்சளாப்போன வயலப் பாத்து அழாத குடும்பம் இல்ல. நான் அந்தத் தடைய நல்லது எண்டு சொல்ல வரல்ல, தயவு செஞ்சு அப்படி எடுக்காதீங்க. ஆனா மரக்கறித் தோட்டத்தில ஒரு புதினம் நடந்த. கையில மருந்து இல்ல, கள்ளத்தனமா வித்த போத்தல் வாங்கக் காசும் இல்ல, சும்மா இரிந்தன். அந்தக் கச்சானுக்கு வெள்ளை ஈ வந்த, ஏறிச்சு, ஒரு மட்டத்தில நிண்டிட்டு. 2019 மாதிரி வெடிக்கல்ல. விளைச்சல் குறைவு தான், பசளை இல்லாம செடி நோஞ்சானா நிண்ட, ஆனா கறுப்புப் பூஞ்சணம் இல்ல.

உடனே "பாத்தியா மருந்து தான் பிழை" எண்டு நான் துள்ளிக்கிட்டு மருமகனிட்டச் சொன்னன். அக்காட மகன், வந்தாறுமூலை கம்பஸ்ல விவசாய பீடத்தில படிச்சவன். அவன் சிரிச்சான். "மாமா, மருந்து மட்டுமா இல்ல? ஊரியாவும் இல்லியே. சத்துக் கூடிப் பூரிச்சு நிக்கிற இலையில தான் ஈ நல்லாப் பெருகும். ரெண்டும் ஒண்டா நிண்டா எதால குறைஞ்ச எண்டு எப்படிச் சொல்லுவீங்க?" எண்டான். எனக்குக் கொஞ்சம் கோபம், ஆனா சரியான கேள்வி. அடுத்த ஞாயிறு ஒரு லென்ஸோட வந்தான், மணிக்கடைக்காரன் கண்ணில மாட்டுற மாதிரி ஒண்டு, பத்து மடங்கு பெருசாக் காட்டும். நேரா அம்மாட பருத்திக்குத்தான் போனான்.

இலையத் திருப்பி அடிப்பக்கம் பாக்கச் சொன்னான். நான் இவ்வளவு காலமா பறக்கிற ஈயத்தான் எதிரி எண்டு பாத்தன். பறக்கிறது சும்மா. சனத்தொகை எல்லாம் இலைக்கு அடியில ஒட்டிக்கிட்டு இரிக்கு. முட்டை, அதில இரிந்து வாற குஞ்சு கொஞ்சத் தூரம் ஊரும், மறுகா ஒரு இடத்தில வாயக் குத்திக்கிட்டு இரிந்திரும், அங்கயே தோல் மாத்தி மாத்தி நாலு பருவம், கடைசியில கோதைக் கிழிச்சிக்கிட்டு ஈயாப் பறக்கும். எங்கட சூட்டில முட்டையில இரிந்து ஈயாகிறதுக்கு மூணு கிழமை கூடத் தேவல்ல. ஒரு பெட்டை நூறுக்கு மேல முட்டை போடும். முட்டை இரிக்கிறது மேல உள்ள இளம் இலையில, பெரிய குஞ்சுகள் கீழ உள்ள முத்தின இலையில. நான் பத்து நாளைக்கொருக்கா அடிச்சது மேல பறந்த ஈக்கு, கீழ ஒட்டிக்கிட்டு இரிந்தது அடுத்த கிழமை பறக்கிறதுக்கு ரெடியாகிக்கிட்டு இரிந்த.

அடுத்து அவன் காட்டினது தான் எனக்குப் பெரிய படிப்பு. ஈ வெளிய போன வெறுங்கோதில ஆங்கில டீ எழுத்து மாதிரி ஒரு கீறல் இரிக்கும். சில கோதில கீறல் இல்ல, ஊசியால குத்தினாப்போல வட்டமா ஒரு ஓட்டை. அந்த ஓட்டையால வந்தது ஈ இல்ல, ஈக்குஞ்சில முட்டை போட்டு அதைத் திண்டு வளர்ந்த ஒரு சின்னக் குளவி, கண்ணுக்குத் தூசி மாதிரி. குளவி உள்ளுக்க இரிக்கிற குஞ்சு சிலது கறுத்துப்போய், சிலது மஞ்சளும் கபிலமுமா இரிக்கும். பருத்தியில ஒரு இலையில எண்ணினம், 26 கோது, அதில 9 வட்ட ஓட்டை. அப்படியே தோட்டத்து கத்தரிக்குப் போனம், அதுக்கு ஒரு கிழமைக்கு முந்தி எங்கயோ கிடந்த பழைய போத்தல் ஒண்ட அடிச்சிரிந்தன், 40 கோது எண்ணி ஒரு வட்ட ஓட்டை கூட இல்ல.

பருத்தியில இன்னும் என்னென்ன எண்டா, சிலந்தி மூணு நாலு வகை, புள்ளி போட்ட சின்ன வண்டும் அதுட முதலை மாதிரிக் குஞ்சும், தலைமயிர் போல ஒரு நூல் நுனியில குத்தி வெச்ச பச்சை முட்டை, அது கண்ணாடி இறக்கைப் பூச்சிட. இந்த நூல் முட்டைய நான் வருசக்கணக்கா ஒரு பூஞ்சணம் எண்டு நினைச்சு அதுக்கும் மருந்து அடிச்சிரிக்கன். இருந்தாப்போல அம்மா பின்னால வந்து "நான் சொன்னான் தானே" எண்டா. அவ சொன்னது சாமிக்காக. ஆனா அவ சொன்னது தான் சரியாப்போன.

மருமகன் தன்ட ரிசர்ச்சுக்கு எண்டு படிச்ச விசயங்கள் சொன்னான், அதக் கேட்டாப் பிறகு எனக்கு இது களுதாவளைக் கதை மட்டும் இல்ல எண்டு விளங்கிச்சு. சூடானில கெசீரா எண்டு பெரிய பருத்தி நிலம், அங்க 70கள்ல டிடிடி மாதிரி மருந்த அடிச்சு அடிச்சு, முந்தி பெரிசாக் கணக்கில எடுக்காத வெள்ளை ஈ முதலாம் நம்பர் எதிரி ஆகிச்சு. அமெரிக்காவில அரிசோனாவில 90கள் தொடக்கத்தில வெடிச்சு, பஞ்சே ஒட்டத் தொடங்கிட்டு, தேன் பட்ட பஞ்சு மெசின்ல சுத்திக்கும் எண்டு மில்காரன் வேண்டாம் எண்டிருவான். எங்கட ஏவாரி கறுத்த வெண்டிய தள்ளினது மாதிரித்தான். 1995ல அடிச்ச மருந்துகள் கேக்காம அங்க உள்ள ஆக்கள் தலையில கை வெச்சிட்டாங்க. 1996ல ரெண்டு புதுவகை மருந்துக்கு அனுமதி குடுத்தாங்க, புப்ரொபெசின், பைரிப்ரொக்சிபென். ரெண்டும் பறக்கிற ஈயக் கொல்லாது. ஒண்டு குஞ்சு தோல் மாத்தக்குள்ள குழப்பும், மத்தது முட்டை பொரிக்கிறதயும் குஞ்சு ஈயாகிறதயும் குழப்பும்.

அங்க ஸ்டீவ் நரான்ஹோ, பீட்டர் எல்ஸ்வொர்த் எண்டு ரெண்டு பூச்சி ஆராய்ச்சிக்காரர் இலையில ஒவ்வொரு குஞ்சா அடையாளம் போட்டு, எது எதால சாகுது எண்டு கணக்கு எடுத்திரிக்காங்க. எனக்கு இந்த வேலையக் கேட்டதும் கும்பிடணும் போல வந்த, ஒரு இலையில ஒரு குஞ்சப் பின்தொடர்ந்து பாக்கிறதுக்கு என்ன பொறுமை வேணும். அவங்க கண்டது என்ன எண்டா, பெரும் பங்கு செத்தது பிடிச்சுத் தின்னுற பூச்சிகளாலயும், காத்து மழையில கழண்டு விழுந்தும். குளவிட பங்கு அங்க சின்னது தான். பெரிய கண் வெச்ச ஒரு சின்ன உறிஞ்சிப் பூச்சி மாதிரி ஆக்கள் கடைசிப் பருவக் குஞ்சக் குத்திக் குடிச்சிரும், ஈ கூடுறதும் குறையிறதும் அதில தான் கன அளவு தங்கி நிக்கிது. அதால அவங்கட திட்டம், குஞ்சக் குழப்புற மருந்த ஒருக்கா அடிச்சு ஈயக் குறைச்சா, மிச்சத்த அந்தப் பூச்சிகள் பாத்துக்கும், மருந்துட பலன் முடிஞ்ச பிறகும் ஈ ஏறாது. எல்லாத்தையும் கொல்ற மருந்த அடிச்சா ஈயும் சாகும், காவல்காரனும் சாவான், ஈ மூணு கிழமையில திரும்ப வரும், காவல்காரன் வரமாட்டான்.

இந்தக் கணக்க நான் என்ட பதினொரு தரத்தோட வெச்சுப் பாத்தன். பத்து நாள், ஏழு, நாலு, மூணு. ஒவ்வொரு தரமும் நான் தான் அதுட எதிரியளக் கொண்டு குடுத்திரிக்கன், அதுவும் கடன் பட்டு.

அதுக்காக நான் மருந்த விட்ட ஆள் இல்ல. இயற்கை விவசாயம் எண்டு யூடியூப்ல பேசுற ஆக்கள்ல பாதிப் பேருக்கு மஞ்சள் நரம்பு நோய் வந்த வெண்டிய காட்டினா வாய் அடைஞ்சிரும். ஏனெண்டா நோய்க் கதை வேற. பிசுபிசுப்புக்கு நூறு ஈ வேணும், நோய்க்கு நோய் சுமந்த ஒரு ஈ போதும், அது குத்தி முடிஞ்ச பிறகு எந்தச் சிலந்தி பிடிச்சுத் திண்டும் புண்ணியம் இல்ல. முளைச்சு முதல் மூணு நாலு கிழமைக்குள்ள நோய் பிடிச்சா அந்தச் செடில காயே எதிர்பாக்க ஏலாது. அதால முதல் மாசம் ஒரு விதமாயும் அதுக்குப் பிறகு வேற விதமாயும் பாக்கணும், இத நான் விளங்க ஒரு முழுப் போகம் எடுத்த. அருகால சோளன் ரெண்டு வரி வெண்டிக்கு முந்தியே போட்டு ஆள் உயரம் ஆக்கி வெச்சிருவன், வாற ஈ அதில தட்டும். புதுப்பாத்திய பழைய பாத்திக்குப் பக்கத்தில போடவே போடாதீங்க, கச்சான் அடிக்கிற காலத்தில காத்து வாவிப் பக்கமிருந்து கடல்பக்கம் போகும், ஈயும் அதோட தான் போகும், அதால புதுசு வாவிப் பக்கம், பழசு கடல்பக்கம். மஞ்சள் நரம்பு கண்ட செடிய அண்டைக்கே புடுங்கி உரப்பையில கட்டி வெளிய, "ஒரு காய் ஆய்ஞ்சிட்டுப் புடுங்குவம்" எண்டு விட்டா முடிஞ்சு. ஆய்ஞ்சு முடிஞ்ச பாத்திய அப்படியே காய விடுறதும் பிழை, அது ஈக்கு நாத்துமேடை.

அந்தப் புப்ரொபெசின நான் 2022ல எடுத்தன். எங்கட வயல் ஆக்களுக்குப் பழக்கமான மருந்து தான், நெல்லில சாறு குடிக்கிற அறக்கொட்டிப் பூச்சிக்கு அடிக்கிறது. எண்டாலும் வெண்டிக்கு அடிக்கலாமா, எவ்வளவு, ஆய முந்தி எத்தனை நாள் எண்டு விவசாயப் போதனாசிரியரிட்டப் போய்க் கேட்டுத்தான் எடுத்தன், நீங்களும் லேபலைப் பாத்துக் கேட்டுத்தான் எடுங்க, நான் சொன்ன எண்டு எடுக்காதீங்க. செடிக்கு முப்பது நாள், பூ வர முந்தி அடிச்சன், அப்ப ஆயிற பிரச்சினை இல்ல. அடிச்ச அடுத்த நாள் போய்ப் பாத்தா ஈ அப்படியே பறக்குது. மூணாம் நாளும் பறக்குது. பக்கத்து அண்ணன் "டேய் தம்பி, தண்ணிய அடிச்சிட்டு நிக்காய் போல" எண்டு சிரிச்சார். எனக்கும் பொறுக்கல்ல. நாலாம் நாள் பழைய மருந்த எடுத்து மேலால ஒரு அடி. ஈ செத்திட்டு, அண்ணன் தலையாட்டினார், நானும் சந்தோசம். ரெண்டு கிழமையில திரும்ப 2019 தான். மருமகன் வந்து தலையில அடிச்சிக்கிட்டான். "மாமா, அது குஞ்சுக்கு அடிச்சது, பறக்கிறதுக்கு இல்ல. ஒரு கிழமை பொறுத்து லென்ஸால குஞ்சப் பாத்திரிந்தா வத்திப்போய் இரிந்ததக் கண்டிருப்பீங்க" எண்டான். காசு குடுத்து நல்ல மருந்து வாங்கி அதுட வேலைய நானே கெடுத்த கதை.

அடுத்த போகம் அதையே செஞ்சு கையக் கட்டிக்கிட்டு இரிந்தன், அந்தப் பத்து நாளும் சோறு இறங்கல்ல. எட்டாம் நாள் போல குஞ்செல்லாம் காஞ்சு செதில் மாதிரிக் கழண்டிச்சு. பறந்த கிழட்டு ஈ தானாக் குறைஞ்சிச்சு. சிலந்தி அப்படியே இரிந்த. ஒண்டு மட்டும், இந்த வகை மருந்து புள்ளி வண்டுட குஞ்சுக்கும் பிடிக்காது, அதுவும் தோல் மாத்தி வளர்ற சாதி தானே, அதால அதயும் சும்மா சும்மா அடிக்க ஏலாது. ஒரு போகத்துக்கு ஒருக்கா, அவ்வளவு தான் என்ட கணக்கு.

மருந்து மாத்துற விசயத்திலயும் நான் நல்லா ஏமாந்திரிக்கன். 2019ல மூணு வேற வேற போத்தல் மாத்தி அடிச்சன், மூணும் வேற நிறம், வேற பேர், வேற விலை. கொப்பியப் பாத்து மருமகன் சொன்னான், இமிடாகுளோபிரிட், தயாமெதொக்சாம், அசிடாமிபிரிட், மூணும் ஒரே கூட்டம், பூச்சிய எப்படிக் கொல்லுது எண்டு பாத்து மருந்துகளுக்குக் குடுக்கிற கூட்ட நம்பர் மூணுக்கும் நாலு ஏ (4A) தான். ஒண்டுக்குப் பழகின ஈக்கு மத்த ரெண்டும் அவ்வளவா புதுசு இல்ல. போத்தல்ல பெரிய எழுத்தில இரிக்கிறது கம்பனிக்காரன் வெச்ச பேர், நாங்க பாக்க வேண்டியது கீழ சின்ன எழுத்தில இரிக்கிற உள்மருந்துப் பேர். கண் தெரியாட்டி போன் கெமராவில படம் எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. வெண்டி பூக்கிற நேரம் இந்தக் கூட்டத்த அடிச்சா தேனீக்கும் கேடு, அது வேற.

இப்ப நான் அடிக்கிறதா இல்லியா எண்டு முடிவெடுக்கிறது எண்ணிப் பாத்துத்தான். அரிசோனாக்காரங்க பருத்தியில நுனியில இரிந்து அஞ்சாவது கணு இலைய மெதுவாத் திருப்பிப் பாத்து, மூணு ஈ அல்லது அதுக்கு மேல இரிந்தா அந்த இலைய ஒரு புள்ளியா எடுப்பாங்க, அதோட பெரிய குஞ்சும் இரிக்கா எண்டு தனியாப் பாப்பாங்க, நூத்துக்கு நாப்பது இலை ரெண்டு கணக்கிலயும் தாண்டினாத்தான் குஞ்சு மருந்து. நான் வெண்டிக்கு முப்பது செடியில முப்பது இலை பாக்கிறன், விடியக்காலையில, வெயில் ஏறினா ஈ பறந்திரும். நாப்பது வீதம் எண்டா முப்பதில பன்னெண்டு, நோய்ப் பயத்தால நான் பத்து எண்டு குறைச்சு வெச்சிரிக்கன், அது என்ட சொந்தக் கணக்கு. மஞ்சள் ஒட்டுப் பொறியும் நாலு தொங்குது, ஈ வந்திட்டா எண்டு தெரிய மட்டும். முதல்ல ஆசையில முப்பது தொங்க விட்டன், லென்ஸால பாத்தா சின்னக் குளவியும் அதில ஒட்டிக் கிடக்கு, கழட்டிப்போட்டன்.

ஆயத் தொடங்கின பிறகு வேப்பங்கொட்டையும் சவர்க்காரமும் தான். வேப்பங்கொட்டைப் பருப்ப இடிச்சு ஒரு லீட்டர் தண்ணிக்கு 50 கிராம், ராவைக்கு ஊறவெச்சு காலையில துணியால வடிச்சு, 16 லீட்டர் டாங்கிக்கு 800 கிராம் போகும், வடிக்காட்டி நொசில் அடைச்சு அரை நாள் போகும். சவர்க்காரம் லீட்டருக்கு 5 கிராம் போல, முதல்ல மூணு செடிக்கு அடிச்சு ரெண்டு நாள் பாத்திட்டு மத்ததுக்கு, உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகும், எனக்கு ஒரு வரி கருகிச்சு. இதெல்லாம் பட்டாத்தான் சாகும், நொசில மேல பாத்துத் திருப்பி இலைக்கு அடியில அடிக்கணும், குனிஞ்சு குனிஞ்சு முதுகு விடும். முதுகு விடாம அடிச்சா அது மேலால கழுவினது தான். ஸ்பிரிங்லர் இரிக்கிற ஆக்கள் தண்ணிய அதால விட்டா ஈயும் குஞ்சும் கொஞ்சம் கழண்டு போகும், மாரி மழையில வெள்ளை ஈ தொல்லை இல்லாததுக்கும் அது ஒரு காரணம். ஊரியாவ ஒரே தரம் கொட்டாம மூணாப் பிரிச்சுப் போடுறன்.

ஒரு பகிடியையும் சொல்லிட்டு விடுறன். புள்ளி வண்டு நல்லது எண்டு கேட்ட நாள்ல இரிந்து நான் எல்லாப் புள்ளி வண்டயும் சாமி மாதிரிப் பாத்தன். கத்தரியில நிறைய வந்த, மனிசிட்டக் காட்டி "பாரு, காவல்காரன் வந்திட்டான்" எண்டன். பத்து நாளையில கத்தரி இலை எல்லாம் சல்லடை, நரம்பு மட்டும் நிக்கிது. அது 28 புள்ளி வண்டு, கத்தரி இலையத் தின்னுறவன். மேல மினுமினுப்பா வழுவழுப்பா இரிந்தா நல்லவன், மங்கலா மயிர் முளைச்சாப்போல இரிந்தா கள்ளன், இத மருமகன் முதலே சொல்லல்ல, கேட்டா "நீங்க கேக்கல்லியே மாமா" எண்டுறான். மனிசி இப்பவும் தோட்டத்துக்குள்ள என்ன வண்டக் கண்டாலும் "உங்கட காவல்காரன் நிக்கான்" எண்டு தான் கூப்பிடுவா.

போன வருசச் சிறுபோகத்தில வெண்டிக்கு மொத்தம் அடிச்சது நாலு தரம், ஒண்டு புப்ரொபெசின், மூணு வேப்பங்கொட்டை. நோயால புடுங்கினது ஒரு வரியில ரெண்டு மூணு செடி. 2019 கொப்பிக்குப் பக்கத்தில அந்தக் கொப்பியையும் வெச்சிரிக்கன். பக்கத்து அண்ணன் இன்னும் கலந்து தான் அடிக்கார், அவர்ட ஈ காத்தோட எனக்கு வரும், வேலிக்குச் சோளன் நிக்கிறதால கொஞ்சம் தடுக்குது, அத அவரிட்ட எப்படிச் சொல்ற எண்டு தெரியாமத்தான் நிக்கன், நல்ல மனிசன். போன மாசம் லென்ஸ இரவல் கேட்டு வாங்கிப் போனார், பேரப்புள்ளைக்கு எறும்பு காட்ட எண்டார், ஆனா மூணு நாளாத் திருப்பித் தரல்ல.

அம்மா பருத்திக் கொட்டை கொஞ்சம் காய வெச்சிரிக்கா, தோட்டத்து நாலு மூலையிலயும் ஒவ்வொண்டு நட எண்டு நான் கேட்டு எடுத்தது. "இப்ப மட்டும் என்ன, முந்தி வெட்டச் சொன்ன பருத்தி தானே" எண்டா. நேத்து விடியக்காலை எண்ணினன், முப்பதுக்கு எட்டு. சனிக்கிழமை திரும்ப எண்ணணும். டாங்கி கழுவிக் கிணத்துக் கட்டில கவுத்துத்தான் கிடக்கு.